ஃபார்ம்ல இடமே இல்லாத நோய்: பி.டி.எஸ்.டி. பிறந்த கதை

இன்னைக்கு எபிசோட் பி.டி.எஸ்.டி. பத்தி. இப்போ மீம்ல கூட சர்வ சாதாரணமா வர்ற வார்த்தை. ஆனா 1980-க்கு முன்னாடி இப்படி ஒரு நோய் அதிகாரப்பூர்வமா கிடையாது. அதை லிஸ்ட்ல சேர்க்க வச்சது பெரும்பாலும் சம்பளம் வாங்காம வேலை பார்த்த ஒரு சின்ன கூட்டம்.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம், டி.எஸ்.எம். னு ஒரு கையேடு வெளியிடுது. எதெல்லாம் மனநோய்னு அதுதான் முடிவு பண்ணும். 1952-ல வந்த முதல் பதிப்புல, போர் மாதிரி கடுமையான அனுபவத்தால வர்ற பாதிப்புக்குத் தனி இடம் இருந்தது. 1968-ல இரண்டாம் பதிப்பு வந்தப்போ அதைத் தூக்கிட்டாங்க. அந்த வருஷம் வியட்நாம்ல அமெரிக்க வீரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல இருந்தாங்க!

டிராப்டவுன்ல உங்க பிரச்சினைக்கு ஆப்ஷனே இல்லைனா என்ன நடக்கும்? வேற ஏதோ ஒண்ணை செலக்ட் பண்ணிடுவாங்க. ஸ்கிசோஃப்ரினியா, குடிப்பழக்கம், ஆளுமைக் கோளாறு. போருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைனு ஃபைல் சொன்னா, சிகிச்சையும் தப்பாகும், இழப்பீடும் கிடைக்காது.

1969-ல பாஸ்டன். முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில சாரா ஹேலி புதுசா வேலைக்குச் சேர்ந்த சமூகப் பணியாளர். ஒரு வீரர் வந்து, தன்னோட படையினர் மை லாய் கிராமத்துல பெண்களையும் குழந்தைகளையும் கொன்னதைச் சொல்றார். டாக்டர்கள் அதை மனப்பிரமைனு எழுதிட்டாங்க. ஹேலி மட்டும் நம்பினாங்க. அந்த நவம்பர்ல மை லாய் படுகொலை செய்தி பத்திரிகைகள்ல வெடிச்சது. கொடூரத்துல பங்கெடுத்தவர் சொல்றதை எப்படிக் கேட்கணும்னு 1974-ல அவங்க எழுதின கட்டுரை இன்னைக்கும் பேசப்படுது.

நியூயார்க்ல, போரை எதிர்த்த முன்னாள் வீரர்கள் அமைப்பு ஒண்ணு இருந்தது. அரசு மருத்துவமனை மேல அவங்களுக்கு நம்பிக்கை இல்லை. 1970 கடைசியில அவங்க ஆபீஸ்லயே வட்டமா உட்கார்ந்து பேச ஆரம்பிச்சாங்க. பேரு 'ராப் குரூப்'. பாட்டு இல்லைங்க, அந்தக் காலத்து ஸ்லாங்ல ராப்னா மனசு விட்டுப் பேசுறது. ராபர்ட் ஜே லிஃப்டன், ஹைம் ஷாட்டன்னு ரெண்டு மனநல மருத்துவர்கள் ஃபீஸ் வாங்காம வந்தாங்க. டாக்டர், பேஷன்ட்ங்கிற மேல் கீழ் அங்கே கிடையாது. இது மத்த ஊர்களுக்கும் பரவுச்சு. 1972 மே மாசம் நியூயார்க் டைம்ஸ்ல ஷாட்டன் இதைப் பத்தி எழுதினார்.

எழுபதுகளின் நடுவுல டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்புக்கான வேலை தொடங்குச்சு. பொறுப்பாளர் ராபர்ட் ஸ்பிட்சர். இந்த நோய்க்கு அதுலயும் இடம் ஒதுக்கலைனு தெரிஞ்சதும் இவங்க போய் நின்னாங்க. அவர் ஆதாரம் கேட்டார். கேஸ் கேஸா திரட்டினாங்க. நாஜி வதை முகாம்ல உயிர் பிழைச்சவங்க, பெரிய விபத்துல தப்பிச்சவங்களோட ஆய்வுகளையும் பக்கத்துல வச்சு, பாதிப்பு ஒரே மாதிரி இருக்குனு காட்டினாங்க. அதுதான் கேஸை ஜெயிக்க வச்சது. போர்னு மட்டும் கேட்டிருந்தா அது வீரர்களோட பிரச்சினையா சுருங்கியிருக்கும். 1980-ல பி.டி.எஸ்.டி. அச்சுல வந்தது.

இன்னொரு பக்கம், வீரர்களுக்கு ஆலோசனை மையங்கள் வேணும்னு செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் 1971-லயே மசோதா கொண்டு வந்தார். செனட் பல தடவை பாஸ் பண்ணியும் கீழவையில தேங்கிக் கிடந்தது. 1979-லதான் சட்டமாச்சு. 'வெட் சென்டர்'கள் வந்தது அப்படித்தான். மருத்துவமனைக்குள்ள வைக்காம, தெருவோரக் கடை மாதிரி வச்சாங்க. ஆலோசகர்கள்ல நிறைய பேர் வியட்நாம் போய் வந்தவங்க. ராப் குரூப் ஐடியாதான், இப்போ அரசு செலவுல.

"இது அரசியல், அறிவியல் இல்லை"னு அப்பவே விமர்சனம் இருந்தது. அரசியல் இருந்தது உண்மைதான். ஆனா அந்த இடத்தை நீக்கினப்போ மட்டும் அரசியல் இல்லையா? அப்புறம் எண்பதுகள்ல நாடாளுமன்றம் கேட்டு நடத்தின தேசிய ஆய்வுல, வியட்நாம்ல பணியாற்றிய ஆண்கள்ல சுமார் 15 சதவீதம் பேருக்கு அப்பவும் பி.டி.எஸ்.டி. இருந்தது தெரிஞ்சது. போர் முடிஞ்சு பத்து வருஷத்துக்கும் மேல ஆகியிருந்தது.

விபத்தோ, வெள்ளமோ, பாலியல் வன்முறையோ, இன்னைக்கு நம்மூர்ல ஒருத்தர் அதுக்கப்புறம் கவுன்சலிங் போனா டாக்டர் எழுதக்கூடிய ஒரு பேரு இருக்கு. அந்த வீரர்களும் அவங்களை நம்பிக் கேட்டவங்களும் பத்து வருஷம் விடாம நின்னதால வந்த பேரு அது.