வினைமுற்றி மீண்டோர்: நாகர் மலைகளிலும் மணிப்பூரிலும் முன்னாள் படையினர்

பழந்தமிழ்ப் புறத்திணை மரபு படையெழுச்சியையும் களத்தையும் விழுப்புண்ணையும் நடுகல்லையும் விரிவாகப் பேசுகிறது. வினைமுற்றி மீள்வோனை முல்லைத்திணை காட்டுகிறது. ஆயினும் அவனது தேர் மனையை நெருங்குவதோடு அப்பாடல்கள் பெரும்பாலும் அமைந்துவிடுகின்றன. மீண்டவன் தன் நாட்டிற்கு என்ன செய்தான், நாடு அவனை எவ்வாறு ஏற்றது என்னும் வினா பாடலுக்கு வெளியே நிற்கிறது. இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் வடகிழக்கிந்தியா ஏற்ற களமாகும். அங்குப் படைப்பணி முடித்து மீண்டோர் ஊரின் அரசியலையே மாற்றியமைத்தனர். ஆனால் எல்லோரும் ஒரே திசையில் மாற்றினர் என்று கூறுவதற்கில்லை.

முதல் உலகப் போரின்போது, 1917இல், பிரான்சு நாட்டுப் போர்முனைக்குத் தேவையான தொழிலாளரை ஆங்கில அரசு அசாமின் மலைப்பகுதிகளில் திரட்டியது. நாகர் மலை மாவட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 பேர் நான்கு பிரிவுகளாகச் சென்றனர். அவர்களுள் பாதியளவினர் சேமா இனத்தவர். லோத்தா, ரெங்மா, ஆவோ, சாங் முதலிய இனத்தவரும் இருந்தனர். இவர்கள் படைக்கலம் ஏந்திய வீரர் அல்லர். சாலை அமைத்தலும் சுமை ஏற்றி இறக்கலும் போரின் எச்சங்களை அகற்றலும் இவர்தம் பணிகள். மணிப்பூர் மலைகளிலிருந்தும் இத்தகைய தொழிற்படை ஒன்று சென்றது. அங்கு இரண்டாம் முறை ஆள்திரட்ட முயன்றபோது குக்கி மக்கள் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பு 1919 வரை நீடித்த போராக வளர்ந்தது. ஆகவே இப்படையெடுப்பை மலைமக்களின் விருப்பச் சேவையாக மட்டும் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஒருவர் தலையை ஒருவர் கொய்யும் பகைமை நிலவிய ஊர்களைச் சேர்ந்தோர், கடல்கடந்த நாட்டில் ஒரே பாசறையில் உண்டு உறங்கினர். பிறர் அவர்களைத் தனித்தனி இனங்களாகப் பாராது நாகர் என்றே அழைத்தனர். 1918இல் அவர்கள் ஊர் திரும்பினர். அவ்வாண்டிலேயே கோகிமாவில் நாகர் கழகம் தோன்றியது. தொழிற்படையில் பெற்ற பட்டறிவு இக்கழகத்தின் தோற்றத்திற்குத் தூண்டுகோலாயிற்று என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. இதனை ஓரளவோடு ஏற்பதே தகும். ஏனெனில் கழகத்தை நடத்தியோருள் அரசு அலுவலரும் ஊர்த்தலைவரும் தோபாஷிகளும் மிகுதி. தோபாஷி என்பது நம் சோழமண்டலக் கரை நன்கறிந்த துபாஷியே. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை போன்றோர் வணிகத்திற்கும் ஆட்சிக்கும் இடையில் நின்றனர். நாகர் மலையில் அதே சொல்லுக்குரியோர் வழக்காற்றுச் சட்டத்தின்படி வழக்குரைத்துத் தீர்ப்பவராயினர். உலகைக் கண்டு மீண்டோரும் எழுத்தறிந்த இடைநிலையாளரும் இணைந்த இடமே நாகர் கழகம் எனலாம். 1929 சனவரி 10ஆம் நாள் அக்கழகத்தார் இருபதின்மர் சைமன் குழுவிடம் விண்ணப்பம் ஒன்றை அளித்தனர். அரசியல் சீர்திருத்தத் திட்டத்தில் தம்மைச் சேர்க்காமல், பண்டுபோல் தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்க விடவேண்டும் என்பது அதன் சாரம். பிற்கால நாகர் அரசியல் முழுவதும் இவ்விண்ணப்பத்தைத் தன் மூல ஆவணங்களுள் ஒன்றாகக் கொண்டது.

இரண்டாம் உலகப் போரில் போர்முனையே மலைகளுக்கு வந்தது. 1944 மார்ச்சில் உக்ருலுக்கு அருகில் சாங்சாக் என்னும் ஊரிலும், ஏப்ரல் முதல் சூன் வரை கோகிமாவிலும் சப்பானியப் படையை எதிர்த்துக் கடும்போர் நிகழ்ந்தது. ஊர்கள் எரிந்தன. அப்போரில் தம் சொந்த மலைகளிலேயே பணியாற்றியவர் ராலெங்நாவ் கத்திங். பாப் கத்திங் என்றே பலரும் அறிந்த இவர் 1912இல் உக்ருல் பகுதியில் தங்குல் நாகர் குடியில் பிறந்தவர். பட்டம் பெற்று ஆசிரியராக இருந்து படையில் சேர்ந்தவர். மலைவாழ் மக்களைக் கொண்டு உளவறியும் 'வி' படையில் பணியாற்றி இராணுவச் சிலுவை விருதைப் பெற்றார்.

போர் முடிந்து மீண்ட இவருக்கு மணிப்பூர் மன்னரின் 1947ஆம் ஆண்டு இடைக்கால அரசில் மலைப்பகுதிப் பொறுப்பு கிடைத்தது. மணிப்பூர் அப்போது இருவேறு நாடாகவே இருந்தது எனினும் தவறில்லை. பள்ளத்தாக்கின் ஆட்சிமுறை வேறு, மலையின் ஆட்சிமுறை வேறு. பள்ளத்தாக்கிற்கு அடங்கிவிடுவோமோ என்னும் அச்சம் மலையில் இருந்தது; 1948இல் மாவோ நாகரிடையே வரிமறுப்பு இயக்கமும் எழுந்தது. இந்நிலையில், அதே ஆண்டில் வயதுவந்தோர் வாக்குரிமையின் அடிப்படையில் மணிப்பூரில் தேர்தல் நடைபெற்றது. இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு மூன்று ஆண்டுகள் முந்தியது இத்தேர்தல் என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. கத்திங் மீண்டும் அமைச்சரானார். 1949 அக்டோபரில் மணிப்பூர் இந்தியாவுடன் இணைந்தபோது அச்சட்டமன்றமும் அமைச்சரவையும் முடிவுற்றன.

கத்திங்கின் பெயரை இன்று நிலைநிறுத்தியிருப்பது 1951ஆம் ஆண்டுத் தவாங் பயணமே. 1914ஆம் ஆண்டு எல்லை உடன்பாட்டின்படி தவாங் இந்தியப் பகுதியில் அமைந்திருந்தும், திபெத்திய அதிகாரிகளே அங்கு வரி தண்டி வந்தனர். அசாம் ஆளுநர் ஜெய்ராம்தாஸ் தௌலத்ராமின் பணிப்பின்படி, அசாம் ரைபிள்ஸ் படையினர் ஏறத்தாழ 200 பேருடனும் சுமையாளர் பலருடனும் சனவரியில் புறப்பட்ட கத்திங், பனிமூடிய சேலா கணவாயைக் கடந்து பிப்ரவரியில் தவாங்கை அடைந்தார். அவர் படைவலிமையை மறைக்கவில்லை. அதனைப் பயன்படுத்தவும் இல்லை. ஊர்ப் பெரியோருடன் பேசி, இனித் திபெத்திய அதிகாரிகளுக்கு வரி செலுத்த வேண்டியதில்லை என அறிவித்து ஆட்சியை நிறுவினார். குருதி சிந்தப்படவில்லை. தவாங் அவருடைய தாயகம் அன்று. மொழியும் சமயமும் வேறு. எனினும் ஊரவையில் அமர்ந்து பேசும் முறையை அவர் எந்தப் பயிற்சிக் கழகத்திலும் கற்றிருக்க வேண்டிய தேவை இல்லை. பின்னர் எல்லைப்புற ஆட்சிப்பணிக்குப் படை அலுவலரை நடுவண் அரசு பெருமளவில் தேர்ந்தெடுத்தது. அப்பணியின் உண்மையான முன்மாதிரி இவரே எனல் மிகையாகாது.

இதன் மறுபக்கத்தை மிசோ மலைகள் காட்டுகின்றன. லால்டெங்காவும் படையில் அவில்தாராகப் பணியாற்றி மீண்டவரே. 1959இல் மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, பயிர் அழிந்து, மௌதம் எனப்படும் பஞ்சம் வந்தது. அரசின் உதவி போதாத நிலையில் அவர் தலைமையில் எழுந்த பஞ்ச நிவாரண அமைப்பு ஊர் ஊராக அரிசி கொண்டுசென்றது. 1961இல் அதுவே மிசோ தேசிய முன்னணியாயிற்று. 1966 பிப்ரவரி இறுதியில் ஆயுதக் கிளர்ச்சி தொடங்கியது. கலைக்கப்பட்ட அசாம் ரெசிமென்ட் அணி ஒன்றைச் சேர்ந்த மிசோ வீரர்களும் அதில் இணைந்தனர். சுமை தூக்கவும் ஊர்களை ஒருங்கிணைக்கவும் படை தந்த அதே பயிற்சி இங்கு அரசுக்கு எதிராகத் திரும்பியது. கத்திங்கிடம் மலைப்பகுதி அமைச்சுப் பொறுப்பு இருந்தது. மிசோ வீரனிடம் இருந்ததோ பசித்த ஊர். வேறுபாட்டைத் தனிமனிதரின் பற்றிலோ பற்றின்மையிலோ தேடுவோர் இதனைக் காணத் தவறுகின்றனர்.

கத்திங்கின் பிற்காலப் பணியும் எளிதானதன்று. 1960களின் பிற்பகுதியில் நாகாலாந்தின் தலைமைச் செயலராக அவர் அமர்ந்தபோது, 1929ஆம் ஆண்டு விண்ணப்பத்தைச் சான்றாகக் காட்டிய நாகர் பலர் வேறொரு தாயகத்திற்காகப் போராடிக்கொண்டிருந்தனர். பின்னர் அவர் பர்மாவில் இந்தியத் தூதராகவும் பணியாற்றினார். மிசோ மலைகளில் 1986 சூன் 30ஆம் நாள் உடன்பாடு கையெழுத்தானது, காட்டிலிருந்து போராளிகள் ஊர் திரும்பினர், லால்டெங்கா முதலமைச்சரானார், 1987 பிப்ரவரியில் மிசோரம் தனி மாநிலமாயிற்று. தவாங்கில் கத்திங் பெயரிலான அருங்காட்சியகம் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. இருவரும் ஒரே ஆண்டில், 1990இல், மறைந்தனர்: கத்திங் சனவரியில், லால்டெங்கா சூலையில்.