பேர்லினில் ஒரு நாள்: அகதிகளை அழைத்த நகரம், அகதிகளை உருவாக்கிய நகரம்

கடந்த கோடை விடுமுறையில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பேர்லின் நகரைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தோம். ஜேர்மனியின் தலைநகர் என்றதும் எல்லோருக்கும் ஹிட்லரும் மதிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரே நாளில், நடந்தே, அகதிகளின் முந்நூறு ஆண்டுக் கதையையும் அந்த நகரத்தில் பார்த்துவிடலாம். அந்தக் கதையில் எங்கள் சனத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. அதைத்தான் இம்மாத உரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

காலையில் முதலில் ஜென்டார்மென்மார்க்ட் என்ற சதுக்கத்துக்குப் போனோம். பேர்லினில் மிக அழகான சதுக்கம் அதுதான் என்று சொல்வார்கள். நடுவில் இசை மண்டபம். அதன் இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி, இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு கோபுரங்கள். ஒன்றுக்கு ஜேர்மன் தேவாலயம் என்று பெயர், மற்றதற்குப் பிரெஞ்சுத் தேவாலயம் என்று பெயர். ஜேர்மன் தலைநகரின் நடுவில் பிரெஞ்சுக்காரருக்கு ஏன் கோவில்?

அது அகதிகளின் கோவில். 1598 இல் பிரான்ஸ் மன்னன் நான்காம் ஹென்றி, ஹியூகனோக்கள் எனப்பட்ட புரட்டஸ்தாந்து மக்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தான். 1685 ஒக்டோபரில் அவனுடைய பேரன் பதினான்காம் லூயி அதைப் பறித்தான். குருமார் பதினைந்து நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். சாதாரண சனம் போகவே கூடாது. தப்பி ஓடிப் பிடிபட்ட ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை. அப்படியிருந்தும் இரவோடிரவாக எல்லை தாண்டிப் பெருந்தொகையானோர் வெளியேறினார்கள்.

சில கிழமைகளுக்குள் பிராண்டன்பேர்க் நாட்டு ஆட்சியாளர் பிரெடரிக் வில்லியம், பொட்ஸ்டாம் நகரிலிருந்து ஓர் ஆணை பிறப்பித்தார். “என் நாட்டுக்கு வாருங்கள்” என்பதே அதன் சாரம். சில ஆண்டுகளுக்கு வரி இல்லை. இடிந்த வீடுகளைத் திருத்திக் குடியிருக்கலாம். சொந்தக் குருமார், சொந்த மொழியில் வழிபாடு. வழியில் அவர்களைச் சந்தித்து உதவி செய்து அனுப்ப அம்ஸ்ரர்டாம், ஹம்பேர்க் போன்ற நகரங்களில் ஆட்களையும் ஏற்பாடு செய்திருந்தார். காசு வாங்காத ஏஜென்சிக்காரர் என்று நண்பர் ஒருவர் சொல்லிச் சிரித்தார்.

இது வெறும் இரக்கத்தால் மட்டும் நடந்ததல்ல. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் அந்த நாடு பாழடைந்து கிடந்தது. போர் முடிந்தபோது பேர்லினில் மிஞ்சியிருந்தவர்கள் ஏறக்குறைய ஆறாயிரம் பேர்தான். ஆட்சியாளருக்குத் தொழில் தெரிந்த கைகள் வேண்டியிருந்தன. வந்த அகதிகளோ பட்டு நெசவு, தொப்பி, கையுறை, மணிக்கூடு என்று பல தொழில் கற்றவர்கள். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 1671 இல், வியன்னாவிலிருந்து துரத்தப்பட்ட யூதக் குடும்பங்கள் ஐம்பதையும் இதே ஆட்சியாளர் இதே கணக்கோடுதான் ஏற்றார். ஆனால் அவர்கள் பொதுத் தொழுகைக்கூடம் கட்டக் கூடாது என்று நிபந்தனை போட்டார்.

ஏறத்தாழ 20,000 ஹியூகனோக்கள் அந்த நாட்டுக்கு வந்தார்கள். 1700 அளவில் பேர்லினில் ஐந்து பேரில் ஒருவர் பிரெஞ்சு அகதி. ஊர்ச் சனம் அவர்களைப் பூரணகும்பம் வைத்து வரவேற்கவில்லை. “எங்களுக்கு வரி, அவர்களுக்குச் சலுகையா? எங்கள் தொழிலைப் பறிக்கிறார்களே!” என்று உள்ளூர்த் தொழிலாளர் சங்கங்கள் முறையிட்டன. இந்தப் பேச்சை நாங்களும் கேட்டிருக்கிறோம்தானே நேயர்களே.

அகதிகள் என்ன செய்தார்கள்? வந்து நான்கே ஆண்டுகளில், 1689 இல், பிரெஞ்சு மொழிப் பாடசாலை ஒன்று தொடங்கப்பட்டது. அது இன்றும் பேர்லினில் இயங்குகிறது. 1705 இல் கோவிலைக் கட்டி முடித்தார்கள். இப்போது நாங்கள் பார்க்கும் உயர்ந்த கோபுரம் 1785 இல் வந்தது. தலைமுறைகள் போகப் போக வீட்டு மொழி ஜேர்மன் ஆனது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களின் தனிச் சலுகைகளும் நீக்கப்பட்டன. அந்தச் சமூகத்தில் 1819 இல் பிறந்த தியோடோர் பொன்டானே, ஜேர்மன் மொழியின் மிகப் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவரானார். மொழி மாறினாலும் தாங்கள் எங்கிருந்து, ஏன் வந்தோம் என்பதை அவர்கள் மறக்கவில்லை. 1935 இல் அந்தக் கோபுரத்துக்குள்ளேயே தங்கள் வரலாற்றுக்கு ஓர் அருங்காட்சியகம் அமைத்தார்கள்.

1935 என்ற அந்த ஆண்டைக் கவனியுங்கள். அதே ஆண்டில்தான், அதே நாட்டில், யூதர்களின் குடியுரிமை சட்டம் போட்டுப் பறிக்கப்பட்டது.

சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் பேபல் சதுக்கம் வருகிறது. 1933 மே 10 ஆம் திகதி இரவு, பல்கலைக்கழக மாணவர்கள் இங்கே ஏறத்தாழ 20,000 நூல்களைத் தீயிட்டார்கள். சிறுவர் கதைகளால் புகழ்பெற்ற எரிக் கெஸ்ட்னர் என்ற எழுத்தாளர் கூட்டத்தில் நின்று தன் நூல்கள் எரிவதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். இப்போது அந்த இடத்தில் நிலத்தில் ஒரு கண்ணாடி பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் கீழே ஒரு வெள்ளை அறை. 20,000 நூல் அடுக்கக்கூடிய இறாக்கைகள், எல்லாம் வெறுமை. இஸ்ரேலியக் கலைஞர் மீகா உல்மான் 1995 இல் அமைத்தது. நாங்கள் நால்வரும் பேசாமல் நின்றோம். 1981 இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்த யாழ்ப்பாண நூலகம் எல்லோர் மனதிலும் வந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அங்கிருந்து மேற்கே நடந்தால் பிராண்டன்பேர்க் வாயில். 1791 இல் கட்டி முடிக்கப்பட்டது. மேலே இருக்கும் நாற்குதிரைத் தேரை 1806 இல் நெப்போலியன் பாரிசுக்குத் தூக்கிக்கொண்டு போனதும், 1814 இல் அது திரும்பி வந்ததும் ஒரு தனிக் கதை. வாயிலுக்குத் தெற்கே, கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவிடம். 2005 இல் திறக்கப்பட்டது. 2,711 கொங்கிறீற் கற்கள். உள்ளே போகப் போக நிலம் தாழ்கிறது, கற்கள் உயர்கின்றன, பக்கத்தில் வந்த நண்பர் காணாமல் போகிறார்.

பின்னேரம் பிரெடரிக் வீதி ரயில் நிலையத்துக்கு வந்தோம். நிலையத்துக்கு வெளியே பிள்ளைகளின் வெண்கலச் சிலைகள். 1938 நவம்பர் வன்முறைக்குப் பின் பிரித்தானியா ஏறத்தாழ பத்தாயிரம் பிள்ளைகளை ஏற்றது. பெற்றோருக்கு அனுமதி இல்லை. சிலையில் இரண்டு பிள்ளைகள் ஒரு பக்கம் பார்க்கிறார்கள்; அவர்கள் உயிர் தப்பியவர்கள். ஐந்து பிள்ளைகள் மறுபக்கம் பார்க்கிறார்கள். அவர்கள் மரண முகாமுக்குப் போனவர்கள். இதைச் செய்த பிராங்க் மைஸ்லர், 1939 இல் இந்த வழியால் தப்பிய பிள்ளைகளில் ஒருவர்.

1938 யூலையில் 32 நாடுகள் பிரான்ஸின் எவியன் நகரில் கூடி யூத அகதிகளைப் பற்றிப் பேசின. அனுதாபம் நிறையச் சொன்னார்கள். கதவைத் திறந்தவர்கள் மிகச் சிலர். அந்தப் பாடத்தால்தான், 1949 இல் மேற்கு ஜேர்மனி தன் அரசியலமைப்பை எழுதியபோது, அரசியல் காரணத்தால் துன்புறுத்தப்படுவோருக்குத் தஞ்சம் உரிமை என்று 16 ஆம் பிரிவில் எழுதியது. எழுதியவர்களிலும் ஹிட்லர் காலத்தில் வெளிநாட்டுக்குத் தப்பிப் போனவர்கள் இருந்தார்கள்.

எங்கள் பக்கம் இங்கேதான் தொடங்குகிறது. 1961 ஓகஸ்ட் 13 இல் மதில் எழுந்த பின், இந்த நிலையம் கிழக்கு பேர்லினுக்குள்தான் இருந்தது. ஆனால் மேற்குக்குப் போகும் ரயிலும் இங்கேயே நின்றது. கிழக்கு ஜேர்மனியர் மதிலைத் தாண்ட முயன்றால் சுட்டார்கள்; மதிலில் குறைந்தது 140 பேர் இறந்தார்கள். வெளிநாட்டவருக்கோ தடை இல்லை. எண்பதுகளின் முற்பகுதியில் எமது இளைஞர்கள் விமானத்தில் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் நிலையத்துக்கு வந்து, இடைவழி விசாவோடு இந்த நிலையத்தில் ரயிலேறினார்கள். அடுத்த தரிப்பிடம் மேற்கு பேர்லின். அங்கே கடவுச்சீட்டுப் பார்க்க எவருமில்லை. பார்த்தால் அதை ஒரு நாட்டு எல்லை என்று மேற்கு நாடுகள் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்! இரண்டு வல்லரசுகளின் பிடிவாதத்துக்கு இடையில் இருந்த ஒரு சிறு வழியால் எங்கள் சனம் வந்தது. 1985 இல் மேற்கு நாடுகளின் அழுத்தத்தால் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை எமக்கு மூடியது. 1993 இல் அந்த 16 ஆம் பிரிவும் பெருமளவு ஒடுக்கப்பட்டது.

எங்களோடு வந்த நண்பர் ஒருவர் 1984 இல் இந்த வழியால் வந்தவர். மேடையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். “இதில ஒரு இரும்புச் சுவர் நிண்டது மச்சான். பிழையான ரயிலில ஏறிப்போடுவனோ எண்டுதான் பயம்” என்றார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருக்கிறாயா என்று கேட்டோம். “அவையள் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை” என்றார்.

நிலையத்தின் பக்கத்திலேயே கண்ணீர் மாளிகை என்ற கட்டடம் உண்டு. மேற்கே போகும் உறவுகளைக் கிழக்கு ஜேர்மனியர் அழுது வழியனுப்பிய இடம். 2011 முதல் அது கண்காட்சிக் கூடம், அனுமதி இலவசம். அங்கே பழைய பயணப் பெட்டிகள், கடிதங்கள் என்று சாதாரண சனம் கொடுத்த பொருட்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீடுகளிலும் அப்படிப் பொருட்கள் இருக்கின்றன. முதல் விமானச் சீட்டு, முகாமில் தந்த அட்டை, அம்மா கொடுத்துவிட்ட கடிதம். வீடு மாறும்போது எத்தனை குப்பைக்குள் போயிருக்கும்?

நேயர்களே, ஒரே நகரம் அகதிகளை அழைத்தும் இருக்கிறது, மக்களை அகதிகளாக்கியும் இருக்கிறது. கதவு திறப்பதும் மூடுவதும் எமது கையில் இல்லை. ஆனால் எப்படி வந்தோம் என்பதை எழுதி வைப்பது எமது கையில் இருக்கிறது. ஹியூகனோக்கள் மொழியை இழந்தும் வரலாற்றைக் காப்பாற்றினார்கள். எழுபதைத் தாண்டிய எங்கள் முதல் தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது. இந்த வார இறுதியில் உங்கள் வீட்டுப் பெரியவரின் முன் கைத்தொலைபேசியை வைத்து, எந்த ஆண்டு, எந்த வழியால், யாருடைய உதவியால் வந்தீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளையே கேட்க விடுங்கள்.