லொரியான் படகில் வெந்நீர்

லொரியான் என்ற ஊரைப் புதுச்சேரியில் என் வயதுக்காரர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பல்கள் நம் ஊருக்குப் பாய் விரித்துப் புறப்பட்ட துறைமுகம் அது. பள்ளியில் வாத்தியார் பிரான்சு வரைபடத்தைச் சுவரில் மாட்டி, மேற்குக் கரையில் விரல் வைத்துக் காட்டச் சொல்வார். காட்டியிருக்கிறேன். நேரில் போவேன் என்று நினைத்ததில்லை. 2018 ஏப்ரலில் போனேன்.

என் மனைவியின் தம்பி அங்கே இருக்கிறார். சொல்தா குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, ஒன்பது மீட்டர் நீளத்தில் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி வைத்திருந்தார். குளிர்காலம் முழுக்கப் படகு கரையில் முட்டுக் கொடுத்து நிற்கும். ஏப்ரலில் தண்ணீரில் இறக்குவார்கள். அந்த ஆண்டு இறக்கிய கையோடு, “மாமா, மூணு ராத்திரி படகுலயே தங்கலாம்” என்றார். சரி என்று போய்விட்டேன்.

முதல் நாள் விடியற்காலை முகம் கழுவப் போனால் வெந்நீர் இல்லை. குழாயில் தண்ணீர் நன்றாகவே வருகிறது. நீலப் புள்ளி வைத்த குழாயிலும் வருகிறது, சிவப்புப் புள்ளி வைத்த குழாயிலும் வருகிறது. இரண்டும் ஒரே சில்லிப்பு. முந்தின நாள் மாலையே கரையிலிருந்து மின்சாரக் கம்பி இழுத்து ஹீட்டர் சுவிட்சைப் போட்டிருந்தார் மச்சான். பிறகு எஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டியும் பார்த்தார். பலனில்லை. அன்றைக்கு எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த என் உடம்பு அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

படகில் எஞ்சினுக்கும் வெந்நீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஏணிப்படிக்குக் கீழே இருபது லிட்டர் தொட்டி ஒன்று படுக்கை வாக்கில் இருக்கிறது. அதற்குள் ஒரு மின்சாரக் காயில். நம் வீட்டுக் கீசரில் இருப்பதேதான். அதோடு ஒரு சுருள் குழாயும் ஓடுகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் சூடேறி அந்தச் சுருளுக்குள் போய்வரும். இரண்டு நீரும் ஒன்றோடொன்று கலக்காது. சூடு மட்டும் கைமாறும். துறைமுகத்தில் மின்சாரம், கடலில் எஞ்சின் என்று ஏற்பாடு. கீசர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1868இல் லண்டனில் பெஞ்சமின் மாகன் என்பவர் எரிவாயுவில் நீர் சுடவைக்கும் பெட்டி ஒன்றைச் செய்து, ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றை நினைத்து அந்தப் பெயரை வைத்தார். அவர் வீடுகளுக்கு வண்ணம் பூசுகிற தொழில்காரர்.

அன்று வெந்நீர் இல்லாமல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய பழைய மாலுமிகளை நினைத்துக்கொண்டேன். 1664இல் அரசர் பதினான்காம் லூயியின் மந்திரி கொல்பேர் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். 1666இல் இங்கே கப்பல் கட்டும் துறை அமைந்தது. முதலில் கட்டிய பெரிய கப்பலுக்கு ‘சோலெய் தொரியான்’ என்று பெயர். கீழ்த்திசைச் சூரியன் என்று பொருள். அந்தப் பெயரே ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. இங்கிருந்து நம் கடற்கரைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அத்தனை நாளைக்கும் குடிநீர் மரப் பீப்பாயில்தான். சில வாரங்களில் அது நிறம் மாறி, நாற்றம் எடுக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். குடிக்கவே அளந்து கொடுக்கும் இடத்தில் குளிப்பதற்கு ஏது? கடல்நீர்தான். சாதாரண சோப்பு அதில் நுரைக்காது. தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு மட்டும் உப்புநீரிலும் நுரைக்கும். பிற்காலத்தில் மாலுமிகளுக்கென்று அதைத்தான் விற்றார்கள்.

கப்பலில் நீரைக் கொதிக்கவைப்பது வசதிக்காக வந்ததல்ல, தாகத்துக்காக வந்தது. கடல்நீரைக் காய்ச்சி ஆவியைக் குளிரவைத்தால் நல்ல நீர் கிடைக்கும் என்பது பழைய அறிவு. ஆனால் ஆடுகிற கப்பலில் செய்ய வேண்டும், விறகும் செலவாகக் கூடாது. 1763இல் பொய்சொனியே என்ற பிரெஞ்சு மருத்துவர் அதற்கென்று ஒரு பாத்திரம் செய்தார். 1766இல் உலகைச் சுற்றக் கிளம்பிய பூகேன்வில் அதைத் தன் கப்பலில் ஏற்றிக்கொண்டார். தண்ணீர் குறைந்தபோது இரவில் அடுப்பு மூட்டி, விடிவதற்குள் ஒரு பீப்பாய்க்கு மேல் நல்ல நீர் இறக்கியிருக்கிறார்கள். ஒரு இரவு முழுக்க எரித்து ஒரு பீப்பாய்! அந்த நீரில் யாரும் முகம் கழுவியிருக்க மாட்டார்கள்.

நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்க, மச்சான் தரைப்பலகையைத் தூக்கிவிட்டு எஞ்சின் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தார். எஞ்சினிலிருந்து சுருளுக்குப் போகும் ரப்பர் குழாயில் காற்று அடைத்துக்கொண்டது என்பது அவர் கட்சி. குளிர்காலத்துக்கு முன் நீரை இறக்கி மாற்றினால் அப்படி ஆவது உண்டாம். தொட்டுப் பார்த்தோம். போகிற குழாயும் சுட்டது, திரும்புகிற குழாயும் சுட்டது. அப்படியானால் அடைப்பு இல்லை. சூடு தொட்டி வரைக்கும் போகிறது. பிறகு எங்கே தொலைகிறது?

நான் பொதுப்பணித்துறையில் முப்பத்து நான்கு வருடம் எழுத்தர். ஒரு குழாயைக்கூட என் கையால் திருப்பியதில்லை. ஆனால் தண்ணீர் வரவில்லை என்று வரும் மனுவுக்கு முதலில் என்ன செய்வோம் என்று தெரியும். பழைய கோப்பை எடுப்போம். “மச்சான், அக்டோபர்ல மூடும்போது என்னென்ன பண்ணீங்க? எழுதி வச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அவதான் எழுதுவா” என்றார்.

அவர் மனைவி எனக்குத் தங்கை முறை. காரைக்காலில் பிறந்தவர். அதற்கு முந்தின கோடையில் இறந்துபோனார். மூடுகிற வேலை மச்சானுடையது. பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவது தங்கையின் வேலை. ஏப்ரலில் தங்கை வாசிக்க வாசிக்க, மச்சான் ஒவ்வொன்றாகத் திறப்பார். பதினோரு வருடம் அப்படி நடந்திருக்கிறது. கடைசி அக்டோபரில் மட்டும் அவர் தனியாக மூடிவிட்டு வந்திருக்கிறார்.

நோட்டு படகிலேயே இருந்தது. நீல அட்டை, கட்டம் போட்ட பிரெஞ்சுப் பள்ளி நோட்டு. மச்சான் அதைத் திறக்கவில்லை, என்னிடம் கொடுத்தார். அழகான சாய்வெழுத்து. எங்கள் தலைமுறைக்குப் பள்ளியில் அடித்துக் கற்றுக்கொடுத்த அதே எழுத்து.

அதைப் புரிந்துகொள்ள, குளிர்காலத்தில் ஏன் இத்தனை பாடு என்பதைச் சொல்ல வேண்டும். நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும். நம் ஊரில் இருப்பவர்களுக்கு இது ஃப்ரீசரில் வெடித்த பாட்டில் மட்டும்தான். 1667இல் பாரிசில் ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி இரும்புக் குழல் ஒன்றில் நீர் நிரப்பி, இறுக அடைத்து, பனியில் வைத்தார். விரல் தடிப்புள்ள இரும்பு வெடித்தது. அவர் இருந்த விஞ்ஞான அக்காதமியை அதற்கு முந்தின வருடம் நிறுவியவரும் அதே கொல்பேர்தான். லொரியானில் பனி அவ்வளவு கடுமை இல்லை. இருந்தாலும் சில இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே போகும். படகின் பித்தளை வால்வுக்கு ஒரு இரவு போதும்.

அதனால் அக்டோபரில் குழாய்களில் இருக்கும் நீரை வடித்துவிட்டு, உறையாத திரவம் ஒன்றை ஓடவிடுவார்கள். அதுவும் ஒரு பிரெஞ்சுக்காரர் தந்ததுதான். அல்சாஸ்காரரான வுர்ட்ஸ் என்ற வேதியியலாளர் 1856இல் கிளைக்கால் என்ற பொருளை முதலில் செய்தார். எஞ்சினில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் அது. தித்திக்கும், சிறுநீரகத்தைக் கெடுத்து ஆளைக் கொல்லும். சில வருடங்களில் அவரே அதன் உடன்பிறப்பான புரொப்பிலீன் கிளைக்காலையும் செய்தார். இதை உணவுப் பண்டங்களிலும் மருந்துகளிலும் சேர்க்கிறார்கள். குடிநீர்க் குழாயில் விடலாம். இரண்டும் கடையில் ஒரே மாதிரிக் கேனில் இருக்கும். தங்கை நோட்டில் ஒவ்வொரு அக்டோபரிலும் கேனில் ஒட்டிய பெயரைப் பார்த்து முழுதாக எழுதி, அடிக்கோடு போட்டிருந்தார். நான் கெசட்டில்கூட அவ்வளவு கவனத்தைப் பார்த்ததில்லை.

வெந்நீர்த் தொட்டிக்குள் மட்டும் இந்தத் திரவத்தை விடுவதில்லை. இருபது லிட்டர் வீணாகும், பிறகு கழுவித் தீராது. தொட்டியைக் காலி செய்து, அதன் வாயில் உள்ள இரண்டு வால்வுகளையும் மூடிவிட்டு, குறுக்கே பைபாஸ் குழாய் ஒன்றைத் திறந்துவிடுவார்கள். குளிர்நீர்க் குழாய் நேராக வெந்நீர்க் குழாயோடு சேர்ந்துவிடும். திரவம் தொட்டியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். வசந்தத்தில் அந்த மூன்றையும் பழையபடி திருப்ப வேண்டும்.

2017 ஏப்ரல் பக்கத்தில் ஏழாவது வரி அதுதான்: மூன்று சாவிகளையும் திருப்பு, பிறகு மட்டும் மின்சாரம். ‘பிறகு மட்டும்’ என்பதன் கீழே இரண்டு கோடு.

நான் வாசித்து முடிப்பதற்குள் மச்சான் தொட்டியை விரலால் தட்டினார். காலிக் குடத்தின் சத்தம். சிவப்புக் குழாயில் அவ்வளவு தாராளமாக வந்த தண்ணீர் தொட்டிக்குள் போகவே இல்லை. பைபாஸ் வழியாக வந்திருக்கிறது. தண்ணீர் வராமல் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்போம். நன்றாக வந்ததுதான் எங்களை ஏமாற்றியது.

வால்வுகளைத் திருப்பியதும் பம்பு நெடுநேரம் ஓடியது. குழாய் இருமி, காற்றைத் துப்பி, பிறகு சீராக வந்தது. மின்சாரத்தில் சூடேறவில்லை. முந்தின மாலை காலித் தொட்டியில் சுவிட்சைப் போட்டபோதே காயில் கருகிவிட்டது; நீரில்லாமல் அது சில நிமிடம்கூடத் தாங்காது. எஞ்சின்தான் கைகொடுத்தது. முக்கால் மணி நேரத்தில் கை பொறுக்காத சூடு.

அப்போது தொட்டியின் பக்கத்தில் சிறு வால்வு ஒன்றிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது. மச்சான் பதறி, அதை ஒரு மூடி போட்டு இறுக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அது பப்பேனின் வால்வு. தெனி பப்பேனைப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் மறக்க முடியாது; நீராவிப் பாடத்தின் முதல் பெயரே அவர்தான். பாரிசில் அதே ஹைகன்ஸிடம் உதவியாளராக இருந்து, 1675இல் லண்டன் போனார். 1679இல் எலும்பையும் மிருதுவாக வேகவைக்கும் மூடிய பாத்திரத்தைச் செய்தார். நம் பிரஷர் குக்கரின் பாட்டன். அது வெடிக்காமல் இருக்க, எடை தொங்கும் நெம்புகோல் ஒன்றை மூடியில் வைத்தார். அழுத்தம் மிஞ்சினால் அது தூக்கி வழிவிடும். புரொட்டஸ்டண்ட் என்பதால் 1685க்குப் பிறகு அவருக்குத் தன் நாட்டுக்கே திரும்ப வழியில்லை. இருபது லிட்டர் குளிர்நீரை எஞ்சின் சூட்டுக்கு ஏற்றினால் அரை லிட்டர் அளவுக்குப் பருக்கும். அந்த அரை லிட்டருக்குப் போக்கிடம் அந்தச் சொட்டுதான். அதை அடைத்தால் ஏணிப்படிக்குக் கீழே ஒரு வெடிகுண்டை வைத்துக்கொண்டு தூங்குவதாகும்.

மச்சான் மூடியைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு பழைய டீ டம்ளரை வால்வுக்குக் கீழே வைத்தார்.

அன்று மாலை குளித்துவிட்டு வந்தபோது நோட்டு மேசைமேல் திறந்திருந்தது. தங்கையின் கடைசிப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், 2018 ஏப்ரல் என்று மட்டும் எழுதியிருந்தார். மேற்கொண்டு ஓடவில்லை போலும். “மாமா, நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்” என்றார். காயில் மாற்ற வேண்டியதில் ஆரம்பித்தோம்.

அந்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொலைபேசி அடித்தது. மச்சான் படகில் இருந்து பேசினார். ஒவ்வொரு வால்வாகத் திருப்பியபடி அவர் சொல்ல, நான் நம் வீட்டு மளிகை நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். கேனில் ஒட்டியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னேன், இரண்டு தடவை.