விமானி அறைக்கு நிறம் வந்த கதை

சோவியத் போர்விமானமான மிக்-21-இன் கண்ணாடி மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு பச்சை கலந்த நீலம். வெளியே முரட்டு அலுமினியமும் சாம்பலும். உள்ளே இப்படி ஒரு குளிர்ந்த நிறம். 1963-இல் சண்டிகரில் 28-ஆம் ஸ்குவாட்ரனில் தொடங்கி, 2025 செப்டம்பர் 26 அன்று அதே சண்டிகரில் விடைபெறும் வரை 62 ஆண்டுகள் இந்திய வானில் பறந்த விமானம் இது. அதன் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நிறம்தான் உள்முகம். பிளாஸ்டிக் கிட் வாங்கி மாடல் ஒட்டுகிறவர்கள் திணறுவதும் இங்கேதான். "என்ன நம்பர் பெயின்ட்?" என்று கேட்கிறார்கள். அந்த நிறம் ஏன் அங்கே போனது என்று முதலில் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

எங்கள் குருவிகுளம் பக்கத்தில் கிரில் கேட் செய்கிறவர் யாரும் முதல் கோட்டாக ரெட் ஆக்சைடு அடிக்காமல் விடமாட்டார். இரும்புக்குத் துரு பயம். விமானத்துக்கும் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மரமும் துணியும் போய் அலுமினியக் கலவை உடம்பு வந்தபோது, அரிப்பைத் தடுக்க ஒரு பூச்சு தேவைப்பட்டது. ஜிங்க் குரோமேட் பிரைமர் அந்த இடத்தைப் பிடித்தது. 1930-களில் அமெரிக்க ராணுவ விமானங்களுக்குள் அது பரவியது. அதன் சொந்த நிறம் பளீரென்ற பச்சைமஞ்சள். உட்கார்ந்து ஓட்டுகிற இடத்தில் அது கண்ணைக் கூசவைக்கும், கண்ணாடியிலும் பிரதிபலிக்கும். அதனால் விளக்குக் கரியைக் கலந்து மங்கலான பச்சையாக்கினார்கள். இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்க விமானங்களின் புகழ்பெற்ற உட்பச்சை இப்படிப் பிறந்ததுதான். அழகுக்கு என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. (அந்தக் குரோமேட் புற்றுநோய் தருவது என்று பின்னால் தெரிந்து அதை ஒதுக்கத் தொடங்கியது தனிக்கதை.)

பிரிட்டனில் அதே காலத்தில் ஸ்பிட்ஃபயர் போன்றவற்றின் உள்ளே சாம்பல்பச்சை. ஹம்ப்ரால் கம்பெனியின் மாடல் பெயின்ட் டப்பாக்களில் 78-ஆம் எண்ணுக்கு 'காக்பிட் கிரீன்' என்று பெயர் வந்தது இதனால்தான். தமியா கம்பெனியின் எக்ஸ்எஃப்-71-க்கும் அதே பெயர். ஆனால் அது ஜப்பானியக் கடற்படை விமானங்களின் பச்சை. இரண்டு டப்பாவையும் அருகருகே திறந்தால் ஒட்டவே ஒட்டாது. பெயரை நம்பி மிக்-21-க்குள் இவற்றில் ஒன்றை அடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

ஜெட் காலத்தில் வழிகள் பிரிந்தன. பிரிட்டிஷ் பட்டறைகள் கறுப்புக்குப் போயின. நம் விமானப்படையின் ஹன்ட்டர், நேட் விமானங்களின் உட்புறம் அந்தப் பரம்பரை. கறுப்புப் பலகையில் கறுப்புக் கருவிகள். வெள்ளை எழுத்தும் முள்ளும் மட்டும் எழுந்து நிற்கும். அமெரிக்கர்கள் சாம்பலுக்குப் போனார்கள். 1956-இல் வந்த எஃப்எஸ் 595 என்ற அரசு நிறத்தொகுப்பில் அந்தச் சாம்பலின் எண் 36231. இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் 3 என்றால் மேட், அதாவது பளபளப்பு இல்லை. 1 என்றால் கிளாஸ். 2 என்றால் இடைப்பட்டது. அடுத்த 6 சாம்பல் குடும்பம். மிச்ச மூன்று இலக்கமும் ஏறஏற நிறம் வெளுக்கும். 36231-ஐவிட 36375 வெளிர்சாம்பல் என்று டப்பாவைத் திறக்காமலே சொல்லிவிடலாம். 2017-இல் அந்தத் தொகுப்பு அரசு ஏட்டிலிருந்து நீங்கிவிட்டது. மாடல் ஒட்டுகிறவர்களின் வாயிலிருந்து நீங்கவில்லை.

சோவியத் ஆட்கள் எடுத்த வழி எனக்குப் பிடித்தது. மிக்-15, மிக்-17 காலத்தில் அவர்களும் சாம்பல்தான் அடித்தார்கள். மிக்-21-க்குப் பிறகு மிக்-23, மிக்-27 எல்லாம் நீலப்பச்சை. நெடுநேரம் பார்த்தாலும் கண் களைக்காது, மனம் பதறாது, கறுப்புக் கருவிகள் அதன்மேல் தெளிவாகத் தெரியும் என்பவை வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். கடைசிக் காரணத்தை மேசைமேல் வைத்தே சோதிக்கலாம். கறுப்பு வட்டங்களை நீலப்பச்சை அட்டையில் ஒட்டிப் பாருங்கள்; ஒவ்வொன்றும் தனித்தனியாக விலகி நிற்கும். இன்னொன்று, இரவில் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டுமென்று கருவிகளுக்குச் சிவப்பு விளக்கு வைக்கிற வழக்கம் இருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் நீலப்பச்சை கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். பகலில் குளிர்ச்சி, இரவில் இருட்டு.

அந்த நீலப்பச்சைக்கு நடுவே, கருவிப்பலகையில் செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். பலரும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விமானம் சுழன்று விழும்போது விமானி கட்டுப்பாட்டுக் கோலை அந்தக் கோட்டை நோக்கித் தள்ளிப் பிடிக்க வேண்டும். தலை சுற்றுகிற நேரத்தில் நடு எது என்று கண்ணுக்குக் காட்டத்தான் அது. அதை விட்டால் உள்ளே எவ்வளவு நுணுக்கம் இருந்தும் அது மிக்-21 ஆகாது.

சரி, ஒரே ஒரு நீலப்பச்சைதானா? இல்லை. நம்மிடம் இருந்த மிக்-21-களில் 600-க்கு மேல் நாசிக்கில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்ஏஎல்) கட்டியவை. மற்றவை சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்தவை. பெயின்ட் பாட்ச் மாறும். பெரிய பழுதுபார்ப்புக்குப் போனால் மேலே இன்னொரு பூச்சு ஏறும். பல கோடை வெயில் கண்ணாடி வழியே இறங்கி மேல்பக்கத்தை வெளுக்கும். பக்கச்சுவரின் அடிப்பகுதி மட்டும் பழைய நிறத்தோடு இருக்கும். எங்கள் கரிசலை ஐப்பசி மழையில் பார்த்தவன் கறுப்பு என்பான், சித்திரையில் பார்த்தவன் சாம்பல் என்பான். இருவரும் பார்த்தது ஒரே புஞ்சையை. நிறத்துக்காகச் சண்டை போடுகிற மாடல்காரர்களைப் பார்த்தால் எனக்கு அதுதான் நினைவு வரும்.

புகைப்படத்தை நம்பலாமே என்றால், அதிலும் பொறி உண்டு. 1970-களின் கலர் பிரிண்ட்களில் பலவற்றில் சயான் சாயம் முதலில் மங்கும். படம் முழுதும் செம்மை ஏறும். நீலப்பச்சையின் உயிரே சயான். அது போனால் மிஞ்சுவது அழுக்குச் சாம்பல். அதைப் பார்த்து, இந்திய மிக்-21-க்குள் சாம்பல்தான் என்று சாதிப்பவர் உண்டு. சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் பக்கம் நின்று பழகியவருக்கு இதை விளக்கவே வேண்டாம்: பழைய படத்தில் முதலில் ஒரு வெள்ளைப் பொருளைத் தேடுவார். ஹெல்மெட் வெள்ளையாக இருக்க வேண்டியது ரோஜா நிறமாகத் தெரிந்தால், மற்ற எல்லா நிறத்தையும் அதே அளவு திருத்திப் படிப்பார்.

விமானியின் உடைக்கும் இதே விதிதான்: எந்த வேலைக்காக என்று கேட்க வேண்டும். அமெரிக்க விமானிகள் பலர் 1950-களில் ஆரஞ்சு உடையில் பறந்தார்கள். கடலில் விழுந்தால் தேடுபவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வியட்நாம் காட்டுக்குள் விழுந்தபோது தேடுபவரே எதிரி. உடை பச்சைக்கு மாறியது. மிதவை அங்கி மட்டும் கண்ணைப் பறிக்கும் நிறத்திலேயே தங்கிவிட்டது. நம் மிக்-21 விமானிகள் ஆரம்ப காலத்தில் மிக உயரத்தில் பறக்க ரஷ்ய அழுத்த உடையும் முழுமுகம் மூடிய ஹெல்மெட்டும் அணிந்தார்கள். கிட்டில் வரும் விமானிப் பொம்மைக்கு இந்தக் காலத்து ஆலிவ் பச்சையை அடித்து 1963-ஆம் ஆண்டு விமானத்தில் உட்காரவைத்தால் பொருந்தாது. அவசரத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கையின் இழுவைப் பிடியும் அப்படியே: மார்ட்டின்-பேக்கர் இருக்கை என்றால் மஞ்சள் கறுப்புப் பட்டை, நம் தேஜஸ் விமானத்தில் இருப்பது அதே கம்பெனி இருக்கை. ரஷ்ய இருக்கையில் சிவப்பு.

கடைசியாகக் கலவை. சரியான நிறம் கிடைத்தாலும் அதை அப்படியே 1/72 அளவு மாடலில் அடித்தால் இருண்டு போகும். அந்தச் சின்னக் குழிக்குள் வெளிச்சம் போவதில்லை. நான் நீலப்பச்சையில் கொஞ்சம் வெள்ளையும் துளி சாம்பலும் சேர்க்கிறேன். மேட் பூச்சு காய்ந்தபின் கறுப்பை நீர்க்கக் கரைத்து ஓரங்களில் ஓடவிட்டு, கருவி வட்டங்களை மட்டும் தனியாகக் கறுப்பாக்குகிறேன். வெள்ளைக் கோடு எல்லாவற்றுக்கும் பிறகு, இரண்டே மயிர் உள்ள பிரஷில்.