திரு.வி.க.வும் சுதேசியமும்

இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்று, பின்னர் வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராகவும் விளங்கியவர் திரு.வி. கலியாணசுந்தரனார் (1883-1953). ‘பெண்ணின் பெருமை’, ‘முருகன் அல்லது அழகு’ முதலிய நூல்களால் உரைநடைச் செம்மலாக அவரைப் போற்றும் இலக்கியவுலகம், அவருடைய சுதேசியத்தை அத்துணை ஆழ்ந்து நோக்கியதில்லை.

இளமையில் அவர் மவுண்ட் ரோடு ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கராக இருந்தார். இராயப்பேட்டைக்கு அணித்தே அமைந்த அவ்வங்காடி அந்நாளில் சீமைச் சரக்கின் கோட்டை. வங்கப் பிரிவினையை (1905) ஒட்டி எழுந்த சுதேசிக் கிளர்ச்சியும், 1907இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆற்றிய சொற்பொழிவுகளும் இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்த காலம் அது. அக்கணக்கருக்கு அவ்வேலை நிலைக்காமற் போனதில் வியப்பில்லை!

சீமைத் துணியை விலக்கி நாட்டுத் துணியை உடுத்துக என்று சொல்லுதல் எளிது. ஆனால் ஆட்சி யார் பக்கம் நின்றது? 1896இல் இறக்குமதித் துணிக்கு 3½ விழுக்காடு வரி விதித்த அரசு, இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3½ விழுக்காட்டை விதித்தது. லங்காஷயர் முதலாளிகளின் நெருக்குதலே இதற்குக் காரணம். தன் மண்ணில் நெய்த துணிக்குத் தன் மண்ணிலேயே தண்டம் கட்டும் இந்நிலை 1925 இறுதிவரை நீடித்தது.

இதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. இங்கே நெய்யப்பட்டதாலேயே ஒரு துணி சுதேசியாகிவிடுமா? தூத்துக்குடிக் கோரல் ஆலையும், பெரம்பூரில் பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளும் தமிழ் மண்ணில் நின்றன, தமிழர் கைகளே அங்கு உழைத்தன, உடைமையோ ஆங்கிலேயருடையது. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்ட வ.உ. சிதம்பரனார், 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றது இதனை உணர்ந்தமையாலேயே எனலாம்.

அவ்வழியே திரு.வி.க.வும் நடந்தார். 1917இல் ஆசிரியப் பணியைத் துறந்து ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவர். நண்பகல் உணவுக்கு விடப்பட்ட நேரம் போதாமை, மேற்பார்வையாளரின் கடுமை ஆகியவையே தொழிலாளரின் முதற்குறைகள். இவற்றைக் கேட்டறிந்து தமிழில் பேசவும் எழுதவும் ஒரு தமிழாசிரியர் முன்வந்தார். இதனைச் சுதேசியத்தினின்று விலகிய தொண்டாகக் கருதுதல் பொருந்தாது. பொருளைக் கண்ட சுதேசியம் ஆளையும் கண்ட இடம் இது.

வெற்றியை மட்டும் பாடுதல் வரலாறு ஆகாது. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் கலந்துகொள்ளவில்லை. சங்கத்தின் ஒற்றுமையைச் சாதி பிளந்தது. புளியந்தோப்புப் பகுதி கலவரக் களமாயிற்று. ஆகஸ்டு 29இல் காவலர் சுட்டதில் உயிரிழப்பும் நேர்ந்தது. அவ்வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. சங்கம் அழியவில்லை. இராயப்பேட்டைச் சாது அச்சுக்கூடமும், 1920இல் தொடங்கிய ‘நவசக்தி’யும் தொழிலாளர் குரலைத் தொடர்ந்து ஏந்தின. ஆலை 1996இல் மூடப்பட்டது.