கிளாஸ்மேட்டை பேட்டி எடுத்து இங்கிலீஷில் பாரா எழுதணுமா? மார்க் போவது இங்கேதான்!

பக்கத்து பெஞ்ச் மாணவியைப் பேட்டி எடுத்து இங்கிலீஷில் ஒரு பாரா எழுதச் சொன்னால், பலரும் கேட்பது பெயர், ஊர், பிடித்த கலர். அந்தப் பதில்களை வரிசையாக எழுதினால் அது பயோடேட்டா, பாரா இல்லை.

'வீட்ல வேலை செய்வியா?' என்று கேட்டால் 'ஆமா'வோடு முடிஞ்சிடும். 'காலைல எழுந்ததும் என்ன பண்ணுவ?' என்று கேட்டுப் பாருங்க. 5 மணிக்கு எழுந்து அம்மாவோட பூ கட்டுவதைச் சொல்லலாம். அதுதான் முதல் வரி. யாருக்காக, எவ்வளவு நேரம், படிப்பு எப்போ என்பதெல்லாம் அடுத்த நாலைந்து வரிகள். பிடித்த கலர் இங்கே வேண்டவே வேண்டாம்.

அடுத்து கிராமர். அவர் 'ஐ ஹெல்ப் மை மதர்' என்று சொன்னது, பாராவில் 'ஷி ஹெல்ப்ஸ் ஹெர் மதர்' ஆகணும். அந்த 'எஸ்' அடிக்கடி விட்டுப்போகும். தமிழில் 'அவர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதால், 'ஷி' என்று தொடங்கி நடுவில் 'ஹி' என்று எழுதிவிடுவதும் உண்டு.

எழுதியதை முதலில் அவரிடமே காட்டுங்க. வீட்டு விஷயம் ஏதாவது வேண்டாம் என்றால் எடுத்துடுங்க. வகுப்பில் எல்லார் முன்னாடியும் அதை வாசிக்கச் சொல்வாங்க.