எழுத்துரு தொலைந்தால் எழுத்தும் தொலையும்



நம் பள்ளியின் நூற்றாண்டு மலர் வேலை நடப்பது உங்களுக்குத் தெரியும். 2000-ஆம் ஆண்டு பவள விழா மலரில் இருந்த கட்டுரைகளையும் நன்கொடையாளர் பட்டியலையும் அதில் சேர்க்க நினைத்தோம். என்னிடம் இருந்த அச்சுப் பிரதியைக் கறையான் அரித்துவிட்டது. நல்லவேளை, டி.டி.பி. கடையில் வாங்கிய குறுந்தகடு பீரோவில் இருந்தது.

மலர் வேலை பார்க்கும் மாணவர் அதைத் திறந்துவிட்டு, "சார், இதுல தமிழே இல்லையே!" என்றார். திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. ஓரிடத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. அவர் தேடிப் பிடித்து 'பாமினி' எழுத்துருவைக் கணினியில் நிறுவியதும், அதே இடத்தில் 'தமிழ்' என்று வந்து நின்றது!

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சான காலம் முதல், தமிழ் எழுத்து என்றால் உலோக அச்சு. அச்சுக் கோப்பவர் 'பொ' என்ற எழுத்துக்குக் கொம்பு, ப, கால் என்று இடமிருந்து வலமாக அடுக்கலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் ணை, னை, லை, ளை போன்றவற்றின் பழைய வடிவங்கள் போனதால் அச்சுகளின் எண்ணிக்கையும் குறைந்தது.

கணினி வந்தபோது ஓர் எழுத்துருவில் 256 இடங்கள்தான். அதில் பாதி ஆங்கிலத்துக்கு. ஆகவே பலர் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். கோப்பில் இருப்பது ஆங்கிலம். கண்ணுக்குத் தெரிவது தமிழ். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அடுக்கியதால், ஒருவர் கோப்பை இன்னொருவர் படிக்க முடியவில்லை. இதைச் சீர்செய்ய 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டி, தாம், தாப் என்ற பொதுக் குறியீடுகளை வகுத்தார்கள். 1991-லேயே யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் கிடைத்திருந்தும், தமிழக அரசு அதை ஏற்றது 2010-இல்தான்.

மலர் கதைக்கு வருகிறேன். கோப்பை யூனிகோடுக்கு மாற்றினோம். பக்கம் அமைக்கும் மென்பொருளில் போட்டால் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய், புள்ளி வட்டத்தோடு நின்றது. காரணம் எளிது. பழைய எழுத்துரு கை எழுதும் வரிசையில் சேமித்தது: கொம்பு முதலில். யூனிகோடு வாய் சொல்லும் வரிசையில் சேமிக்கிறது: ப முதலில், உயிர்க்குறி பிறகு. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அதில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்ததும் சரியாகிவிட்டது.

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. பெயர்களுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் இருந்த பட்டங்களையும் மாற்றி தமிழ் என்று நினைத்து உளறலாக்கிவிட்டது. வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தினோம். அப்போதுதான் வகுப்பறை கட்டச் செங்கல் கொடுத்த ஒரு கூலித் தொழிலாளியின் பெயர் மீண்டும் கிடைத்தது. அவருடைய பேத்தி இந்தப் பதிவைப் படிப்பாள். உன் தாத்தா பெயர் புதிய மலரில் இருக்கிறது அம்மா.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் பழைய குறுந்தகடுகள் இருக்கும். தாத்தாவின் கவிதை, சங்க மலர், குடும்ப வரலாறு என்று ஏதாவது இருக்கும். எந்த எழுத்துரு என்று குறித்து வையுங்கள். அந்த எழுத்துருக் கோப்பையும் கூடவே வையுங்கள். யூனிகோடுக்கு மாற்றியபின் ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

இது நான் கொடுக்கும் வீட்டுப்பாடம். முடித்தவர்கள் கீழே சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்